அன்னதானப் பக்கத்தில் வந்த கம்ப்யூட்டர் செய்தி

சிங்கப்பூர் தேக்காவில் மிளகாய் அரைக்கும் மில் ஒன்றின் மேல்மாடியில் எங்கள் பத்திரிகை இருந்தது. கீழே வற்றலை மில்லில் கொட்டினால் போதும், மேலே ஆசிரியர் முதல் கோப்பி வாங்கி வருகிறவர் வரை எல்லோரும் தும்முவோம். ஏதோ ஒரு நாட்டுப் பிரதமர் இறந்த செய்தியை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் நான் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டிருக்கிறேன். அந்த மனிதரின் பெயரைக்கூட அன்றுதான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன்.

அந்தப் பத்திரிகை இன்று இல்லை. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் இருந்தேன். அதற்கு முன் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றிருந்தேன். அந்தப் பாவத்துக்குத் தண்டனையாக, கம்ப்யூட்டர் என்ற சொல் எங்காவது இருக்கிற செய்தியெல்லாம் என் மேசைக்கு வந்தது. "உங்க சப்ஜெக்ட் வந்திருக்கு லா" என்று சொல்லித் தாளைப் போட்டுவிட்டுப் போவார் எங்கள் ஆசிரியர். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் வாஷிங் மெஷின் மாதிரி இன்னொரு மெஷின். அது எதைத் துவைக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது.

எனக்கு அக்கறை இருந்தது. அதற்குக் காரணம் என் அக்கா.

எழுபதுகளில் பள்ளியை முடித்த கையோடு அக்கா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். நீலச் சட்டை போட்ட பெண்கள் தூக்கக் கலக்கத்தில் ஏறுவார்கள். அவர்களில் அக்காவும் ஒருத்தி. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியை நகத்தளவுகூட இல்லாத ஒரு சிலிக்கான் சில்லின்மேல் ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் எங்கள் முகங்களைப் பார்க்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். "இதெல்லாம் எங்க போகுதுக்கா?" என்று கேட்டால், "பெட்டில போட்டு ஏர்போர்ட்டுக்குப் போகுது" என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் யாரும் சொன்னதில்லை.

பிறகு ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி அவளுடைய உற்பத்தி வரிசையையே நிறுத்திவிட்டார்கள். அக்கா ஒரு நாள்கூட உட்கார்ந்து அழவில்லை. சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக வேலை கேட்டுப் போனாள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "கம்ப்யூட்டர் தெரியுமா?" தெரியாது என்றதும் ஒரு புன்னகை, ஒரு நன்றி. அந்தப் புன்னகையை அக்கா எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். அப்புறம் சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவுவாள்.

எங்கள் பங்குக் கோவிலில் அக்காவைப் போல வேலை போன பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்த வேண்டும் என்று ஃபாதர் ஆசைப்பட்டார். பாடம் நடத்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் முன்வந்தார். புதிது வாங்கிய ஒரு கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டரைக் கோவிலுக்குக் கொடுத்தது. இவ்வளவும் நல்லபடியாக நடந்தது. கம்ப்யூட்டர் வந்தது, ஆனால் அதை இயக்குகிற சிஸ்டம் டிஸ்க் அதோடு வரவில்லை. டிஸ்கின் உரிமை கம்பெனிக்கு மட்டும்தான், அதை இன்னொருவருக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாட்டைக் கொடுத்துவிட்டு மடியை வைத்துக்கொண்ட மாதிரி!

ஸ்விட்சைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றும். திரையில், டிஸ்கைப் போடு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நிற்கும். அவ்வளவுதான். புதிதாக வாங்கலாம் என்றால், முதலில் ஒழுகுகிற கூரையை அடைக்க வேண்டும் என்றார் ஃபாதர். ஒரு கடையில் கள்ள நகல் சுலபமாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதற்கு, கோவில் ஹாலுக்குள் திருட்டுச் சரக்கு வரக்கூடாது என்று ஒரே போடாகப் போட்டார். ஆகவே அந்த இயந்திரம் பூப்போட்ட மேசை விரிப்பின் கீழே தூங்கியது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் அக்கா போய் அந்த விரிப்பை எடுத்து உதறுவாள், இயந்திரத்தைத் துடைப்பாள், ஒரு தடவை ஸ்விட்சைப் போட்டு அந்த ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு அணைப்பாள்.

"இது மட்டும் ஓடிட்டா நான் கத்துக்குவேன்டி" என்பாள். "என்னால முடியும். எனக்குத் தெரியும்."

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டுச் செய்திகள் நீளமான தாள்களில் வரும். பங்குச் சந்தைக்கும் கால்பந்துக்கும் நடுவில் ஒரு சின்னச் செய்தி மாட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு மனிதர், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டார். கம்ப்யூட்டரை எழுப்பி, எழுத்தைத் திரையில் காட்டி, எழுதியதைச் சேமித்து, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற அந்த மென்பொருள் முழுவதையும் முதலிலிருந்து தாமே எழுதத் தொடங்கியிருக்கிறார். எழுதி விற்கப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம். உதவ நினைப்பவர்கள் ஒரு பகுதியை எழுதித் தரலாம்.

நான் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் உட்கார்ந்தேன். உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். பாதியில் விட்ட அந்த வகுப்பிலேயே, சின்னதாக ஒரு கூட்டல் கணக்குக்கு நிரல் எழுதி, அது ஓடாமல், பெருமூச்சு விட்டுக்கொண்டு பஸ் ஏறியவள் நான். பெரிய பெரிய கம்பெனிகள் ஆட்களைக் குவித்து வைத்துச் செய்கிற வேலை அது. அதை ஒரு மனிதர் தனியாகத் தொடங்குவதா? தொடங்கி, எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பதா? இப்படியும் ஒருவர் இந்த உலகத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

பத்திரிகை ஆசிரியரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"இதுல அந்த ஆளுக்கு என்னம்மா லாபம்?"

"லாபம் இல்ல சார். அதான் செய்தி."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாரு?"

"அது இதுல போடல."

"முடிச்சிட்டாரா?"

"இல்ல, இப்பத்தான் எழுதிக்கிட்டு இருக்காரு."

"முடிக்காத வேலைக்கு எதுக்கும்மா செய்தி? வினோதச் செய்தியில ரெண்டு வரி போடுங்க."

வினோதச் செய்திகளில் அன்றைக்கு ஆளுயரப் பூசணிக்காய் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இவரை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. பிடிவாதம் எனக்குக் கூடப் பிறந்தது. முழுச் செய்தியாகவே எழுதி, "கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்: அனைவருக்கும் இலவசம்" என்று தலைப்பும் வைத்து, செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இடம் இருந்தால் போடட்டும் என்று ஆசிரியரும் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டார்.

இடம் கிடைத்தது. எங்கே என்பதுதான் வேடிக்கை.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் பத்திரிகையில் சமூக அறிவிப்புகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. கோவில் அன்னதானம், தர்கா கந்தூரிச் சோறு, மாதா திருவிழா விருந்து, இலவசக் கண் பரிசோதனை எல்லாம் அதில்தான் வரும். ஒவ்வோர் அறிவிப்பையும் பூக்கரை போட்ட பெட்டிக்குள் வைப்போம். அறிவிப்புக் கொடுக்கிற சின்னச் சின்னக் குழுக்கள் பலவற்றுக்குத் தொலைபேசி கிடையாது. அதனால் பக்கத்தின் அடியில், "மேல்விவரங்களுக்கும் இக்கைங்கரியங்களில் பங்குகொள்ளவும் நமது அலுவலகத்தை அணுகலாம்" என்று ஒரு வரி நிரந்தரமாக இருக்கும். அந்த வரியை யாரும் எடுப்பதும் இல்லை, படிப்பதும் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் விலகிவிட, பக்கம் கட்டுகிறவர் என் செய்தியை அந்த ஓட்டையில் வைத்து அடைத்துவிட்டார். மேலே கந்தூரி, கீழே அன்னதானம், நடுவில் பூக்கரைக்குள் அமெரிக்காக்காரர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது. எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள்? டோக்கன் உண்டா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா? சனிக்கிழமை காலையில் நான் போனபோது மாடிப்படியில் ஆட்கள் நின்றார்கள். கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள், வரிசை முழுவதும் தும்மிக்கொண்டிருந்தது. தெம்பனிஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு குடும்பம், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெரிய துணிப்பையோடு வந்திருந்தது. மென்பொருள் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த மில்லே வேண்டாம், மிளகாய் தானாக அரைபட்டிருக்கும். "நீங்க ஆரம்பிச்சது, நீங்களே முடிங்க" என்றார்.

படியின் மேல்தட்டில் நின்று நான் விளக்கினேன். இங்கே எதுவும் கொடுக்கவில்லை, அது பக்கம் கட்டியதில் வந்த தவறு, அந்த மனிதர் தூரத்தில் இருக்கிறார், வேலை இன்னும் முடியவில்லை, முடிய வருசக்கணக்கில் ஆகலாம் என்று சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தெம்பனிஸ்காரர் பையை மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, "இவ்ளோ பெரிய வேலைக்கு அவர் கூட யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் அன்னதானத்துக்குக் காய் வெட்டப் போகிற அம்மாள் ஒருவர் முன்னால் நின்றார்.

"அவருக்கு என்ன வேண்டுதல், தெரியுமாம்மா?" என்றார்.

"வேண்டுதல் எல்லாம் இல்லம்மா. அவரு கம்ப்யூட்டர் ஆளு."

"கம்ப்யூட்டர் ஆளுன்னா வேண்டுதல் இருக்காதா? ஊருக்கே செய்றாருன்னா மனசுல எதையோ நெனச்சிக்கிட்டுத்தானே செய்வாரு? சரி, அதை விடுங்க. எங்க குழுவுல பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க இருக்கோம். நாங்க என்ன செஞ்சு குடுக்கணும்? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. வரிசையை மறுபடியும் பார்த்தேன். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் வாங்க வந்தவர்கள் இல்லை, கொடுக்க வந்தவர்கள். அன்னதானம் என்று போட்டால் எங்கள் ஆட்கள் இலையோடு மட்டும் வருவதில்லை. அரிசியோடும் வருவார்கள், எண்ணெயோடும் வருவார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் கையை வீசிக்கொண்டு வந்து இலை எடுப்பார்கள். இந்தச் செய்தியையும் அப்படித்தான் அவர்கள் படித்திருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வியை, அந்த ஆளுக்கு என்ன லாபம் என்பதை, படியில் நின்ற ஒருவர்கூடக் கேட்கவில்லை. பைத்தியமா என்றும் கேட்கவில்லை. மென்பொருள் என்றால் என்னவென்று தெரியாத அந்தக் கூட்டத்துக்கு, அந்த மனிதர் என்ன செய்கிறார் என்பது தெள்ளத்தெளிவாகத் தெரிந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த செய்தியைப் பார்த்து வியந்ததை விட அதிகமாக நான் அந்த மிளகாய் நெடியில் நின்று வியந்தேன்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகும் ஒருவர் நின்றார். சட்டைப்பையில் இரண்டு பேனா, தலையில் வெள்ளைத் தொப்பி. பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டர் விற்று, இப்போது கம்ப்யூட்டரும் விற்கத் தொடங்கியிருந்த கடைக்காரர். அவருடைய பாட்டன் காலத்திலேயே நாகூர்ப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம்.

"நீங்களுமா பாய்? உங்களுக்கே தெரியுமே" என்றேன். காலையிலிருந்து பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. அதனாலதான் வந்தேன். இந்த சாமானை வெல போட்டு விக்கிறவன் நான். இதைச் சும்மா குடுக்கிறேன்னு ஒருத்தர் ஒக்காந்து எழுதுறாருன்னு படிச்சதும் எனக்கு யாவாரமே ஓடல. கந்தூரின்னா நாங்க போயி என்ன கொறையுதுன்னுதான் கேப்போம். அரிசியா, வெறகான்னு. இதுக்கு என்ன கொறையுது?"

அந்த மனிதருக்கு நாம் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு, ஏன் என்று யோசிக்காமலேயே, பூப்போட்ட விரிப்பின் கீழே தூங்குகிற இயந்திரத்தைப் பற்றியும் சொன்னேன். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் அது எந்த வகை, டிஸ்க் போடும் வாய் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் தமிழ்ப் பூசை முடிந்து நாங்கள் ஹாலுக்குள் நுழைந்தபோது அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். கையில் பிரிக்காத பெட்டி. கள்ள நகல் இல்லை, அவருடைய கடைச் சரக்கு. ஃபாதரிடம் கொடுத்து, "இது ஒரு மெஷினுக்கு மட்டும்தான் ஃபாதர். நகல் எடுக்கக் கூடாதுன்னு பெட்டியிலயே போட்டிருக்கான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மனுசன் எழுதி முடிக்கிற வரைக்கும் இதை வச்சு ஓட்டுங்க" என்றார்.

டிஸ்கை உள்ளே தள்ளினார்கள். இயந்திரம் முனகியது, ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மாதக்கணக்காக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை வரி மறைந்தது. திரை முழுக்கப் பச்சை எழுத்துகள் ஏறின. ஹாலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பாடம் நடத்த இருந்த ஆசிரியர் இயந்திரத்தின் மேல்மூடியைத் திறந்து வைத்திருந்தார், உள்ளே தூசி இருக்கிறதா என்று பார்க்க. அக்கா திரையைப் பார்க்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற அதே மாதிரி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பச்சைப் பலகையில் வரிசை வரிசையாகக் கறுப்புச் சில்லுகள் உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்றின் முதுகில் அவளுடைய தொழிற்சாலையின் முத்திரை இருந்தது.

"ஏய், இது எங்களோடது" என்றாள். "இங்கயா வந்திச்சு இது? இதுக்குள்ள இருக்கிற கம்பி நாங்க ஒட்டினது. இத்தனை வருசமா இதைத்தான் செஞ்சேனா?"

வேலை போன அன்று அழாதவள் அப்போது அழுதாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன தட்டணும், சொல்லுங்க சார்" என்றாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அங்கே மிளகாய் மில் எதுவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, நமது அலுவலகத்தில் எதுவும் வழங்கப்படவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஆசிரியர் ஒரு திருத்தம் போட்டார். அதோடு எங்கள் பத்திரிகையில் அந்த மனிதரின் கதை முடிந்தது. மற்றப் பத்திரிகைகளில் ஏதாவது வருகிறதா என்று வாரக்கணக்கில் தேடினேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. பூசணிக்காய்க்கு மட்டும் படம்கூடப் போட்டிருந்தார்கள். அக்காவோ என்னை விடவில்லை. வகுப்புக்குப் போய்வந்த ஒவ்வொரு வாரமும், நெருங்கிய சொந்தக்காரரை விசாரிப்பது போலக் கேட்பாள்: "அவர் முடிச்சிட்டாரா?" இன்னும் இல்லை என்பேன். "யாராவது கூடச் சேர்ந்தாங்களாமா?" என்பாள். எனக்கு என்ன தெரியும்? சேர்ந்திருப்பார்கள் என்பேன்.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருகிற வேலை. அந்தக் கேள்வியைக் கேட்டபோது, தெரியும் என்று சொன்னாளாம். அவர்கள் புன்னகைப்பதற்கு முன்னால் இவள் புன்னகைத்தாளாம்.

எங்கள் கோவிலில் இப்படி நல்லது நடந்தவர்கள், ஞாயிறு பூசையில் மன்றாட்டு நேரத்தில் பீடத்தருகே போய் ஒரு நன்றி மன்றாட்டு வாசிப்பது வழக்கம். கல்யாணம் ஆனவர்கள், வீடு கிடைத்தவர்கள், ஆபரேஷன் ஆகிப் பிழைத்தவர்கள் எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். அக்காவும் போனாள். வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்லப் போகிறாள் என்று அம்மா கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார். அக்கா ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"தூர தேசத்தில் ஒருவர், எல்லோருக்கும் கொடுப்பதற்காக ஒரு பெரிய வேலையை எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் அதை முடிக்கவும், அவருக்குத் துணையாக ஆட்கள் சேரவும் ஆண்டவரை மன்றாடுவோம்."

யார் அது, என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. யாரும் திரும்பிப் பார்த்துக் கேட்கவும் இல்லை. கோவில் முழுவதும் ஒரே குரலாக, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. கோவிலில் வாய்திறந்து பதில் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்குச் சொன்னேன்.